இணையத்தில் வாடகைக்கு இடம்

பிழைப்பை நாடி வெளி மாநிலத்துக்கு வந்தவர் எவரும் வீடு தேடி அலைந்த நாள்களை எளிதில் மறப்பதில்லை. "எந்த ஊர்? என்ன உத்தியோகம்? வீட்டில் எத்தனை பேர்? உங்களை அறிந்தவர் இங்கே யார்?" என்று வீட்டுக்காரர் கேட்பார். முன்பணம் பெற்றுக்கொண்ட பின்னும், போலீஸ் நிலையத்தில் கொடுக்கவேண்டிய வாடகைதாரர் படிவத்தை நீட்டுவார். அதில் நம் பெயரை எழுதத் தொடங்கியதும், "குடும்பப் பெயர் எங்கே?" என்ற வினா எழும். முருகன் என்பது நம் பெயர், கந்தசாமி என்பது தந்தையார் பெயர், குடும்பப் பெயர் என்று நமக்குத் தனியே ஒன்று இல்லை என்று விளக்குவோம். அவர் தலையை அசைப்பார். முழுதும் விளங்கிற்றா என்பது வேறு விஷயம். ஆயினும், எதிரே நிற்பவர் ஒரு மனிதர். முகத்தைப் பார்த்து, பேச்சைக் கேட்டு, அரை மணியில் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். சாவியும் கைக்கு வந்துவிடும்.

இக்காலத்தில் நமக்கு வேறொரு வகை வாடகை இடமும் தேவைப்படுகிறது. ஒரு சங்கத்துக்கோ, சிறு கடைக்கோ, கைத்தொழிலுக்கோ வலைத்தளம் ஒன்று வேண்டுமானால், அதன் பக்கங்கள் இரவும் பகலும் நில்லாமல் இயங்கும் ஒரு கணிப்பொறியில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். அக்கணிப்பொறியைச் 'சர்வர்' என்பர். அதில் இடம் வாடகைக்கு விடும் தொழிலே 'ஹோஸ்டிங்' எனப்படுவது. இங்கும் வாடகைதாரர் யார் என்று கேட்கிறார்கள். ஆனால் இங்கே முகம் பார்த்துப் பேசும் வீட்டுக்காரர் இல்லை. அதனால் விளையும் சங்கடங்களையும், அவற்றின் காரணங்களையும், நாம் செய்யத்தக்கதையும் இப்பேச்சில் சிறிது ஆராய்வோம்.

முதலில் எங்கள் அனுபவம் ஒன்றைக் கூறிவிடுகிறோம். புனேயில் எங்கள் குடியிருப்பில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறோம். பாட நேரத்தையும், பயிற்சித் தாள்களையும், எங்கள் சிறு நூலகத்தின் புத்தகப் பட்டியலையும் ஒரு வலைத்தளத்தில் வைத்தால் பெற்றோருக்குச் சௌகரியமாயிருக்கும் என்று எண்ணினோம். மாதத்துக்கு ஏறத்தாழ 100 ரூபாய் வாடகை என்று விளம்பரம் செய்திருந்த ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில், பெற்றோர் தந்த சந்தாவிலிருந்து ஓராண்டுத் தொகையை எங்கள் பொருளாளர் தம் வங்கி அட்டையால் செலுத்தினார். தளத்தின் பெயரையும் அங்கேயே பதிவு செய்தோம். அந்தப் பெயரை அச்சிட்ட 60 அறிவிப்புத் தாள்களும் அன்றே தயாராகிவிட்டன.

மறுநாள் கடிதம் வந்தது: 'உங்கள் கணக்கு பரிசீலனையில் உள்ளது, அடையாள அத்தாட்சி அனுப்புக.' பொருளாளர் ஆதார் அட்டையை அனுப்பினார். அட்டையில் உள்ள பெயரும் பணம் செலுத்தியவர் பெயரும் ஒத்துவரவில்லை என்று பதில் வந்தது. ஆதாரில் தலைப்பெழுத்துடன் பெயர்; வங்கியிலோ தந்தையார் பெயர் விரிவாக எழுதப்பட்டு, குடும்பப் பெயர் போல் நின்றது. பான் அட்டையை அனுப்பினார். அதில் முகவரி இல்லை என்றார்கள். ஆதாரில் முகவரி உண்டே என்றால், அது திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமம். செலுத்துபவர் முகவரியோ புனே. மின்சாரக் கட்டணச் சீட்டு வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. பிறகு, அட்டையை முகத்தருகே பிடித்துக்கொண்டு படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அதையும் செய்தார். ஐந்தாம் நாள் கணக்கு ரத்தாயிற்று. பாதுகாப்பை முன்னிட்டுக் காரணம் கூற இயலாதாம். பணம் பன்னிரண்டாம் நாள் திரும்பியது. தளத்தின் பெயரும் அந்தக் கணக்கிலேயே அடங்கியிருந்தமையால் அதுவும் கைகூடவில்லை. 60 தாள்களிலும் அச்சிட்ட பெயரைப் பேனாவால் அடித்தோம்.

எங்கள் பொருளாளர் ஓர் அரசுத் தொழிற்சாலையில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாய்விட்டு வருந்தும் இயல்பினர் அல்லர். அன்று மட்டும், "என்னைக் கள்ளன் என்று எண்ணிவிட்டார்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு உரிய விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

மலிவான ஹோஸ்டிங் என்பது ஒண்டுக்குடித்தனத்தை ஒத்தது. ஒரே கட்டிடத்தில் பல குடும்பங்கள் தனித்தனி அறைகளில் வசித்துக்கொண்டு, கிணற்றையும் வாசலையும் பொதுவில் அனுபவிப்பதுபோல, ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் அதன் ஆற்றலைப் பகிர்ந்துகொள்கின்றன. பெரும்பாலும் அவை அனைத்துக்கும் கதவிலக்கமும் ஒன்றே. அக்கதவிலக்கத்தை 'ஐ.பி. எண்' என்பர். இவ்வாறு பகிர்வதனாலேயே வாடகை குறைகிறது. ஆனால், குடித்தனக்காரர் ஒருவர் தகாத காரியம் செய்தால், கெட்ட பெயர் கதவிலக்கத்துக்கு உண்டாகிறது. ஒருவர் ஆயிரக்கணக்கில் வேண்டாத கடிதங்களை அனுப்பினால், உலகெங்கும் மின்னஞ்சல் நிலையங்கள் உபயோகிக்கும் தடைப்பட்டியல்களில் அந்த எண் ஏறிவிடும். பின்பு அதே எண்ணில் வசிக்கும் பள்ளிக்கூடத்தின் கடிதமும், மருந்துக்கடைக்காரரின் கடிதமும் போய்ச் சேரமாட்டா.

அவ்விதம் தகாத காரியம் செய்வோர் நாடுவதும் மலிவான இடத்தையே. வங்கியின் பக்கத்தைப் போலவே போலிப் பக்கம் ஒன்றை அமைத்து, சில மணி நேரத்தில் பலருடைய கடவுச்சொற்களைக் கவர்ந்துகொண்டு மறைவது அவர்கள் தொழில். இடத்துக்கான வாடகையையும் பெரும்பாலும் பிறரிடம் திருடிய வங்கி அட்டையாலேயே செலுத்துவர். அட்டைக்கு உரியவர் பின்னர் முறையிடும்போது, வங்கி அத்தொகையை ஹோஸ்டிங் கம்பெனியிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். அதன்மேல் ஒரு கட்டணமும் விதிக்கப்படும். எனவே, புதிதாக வருபவரைச் சோதிப்பதில் நியாயம் இல்லை என்று கூறிவிட இயலாது. அச்சோதனையால் நன்மை பெறுவோரில், அதே சர்வரில் ஒழுங்காகக் குடியிருக்கும் நாமும் அடக்கம்.

பின் குறை எங்கே உள்ளது? கணக்குப் போட்டுப் பார்த்தால் அது புலப்படும். ஆண்டுக்கு 1,200 ரூபாய் தரும் வாடகைதாரரால் கிடைக்கும் லாபம் மிகச் சிறியது. அவருடைய தாள்களை ஓர் ஊழியர் அரை மணி நேரம் பொறுமையாகப் படித்து, ஐயம் தோன்றினால் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பாரானால், அந்த லாபம் முழுதும் அங்கேயே கரைந்துபோகும். ஆகவே, முதற் சோதனை இயந்திரத்திடம் விடப்படுகிறது. இயந்திரம் மனிதரைப் பார்ப்பதில்லை, அடையாளங்களை எண்ணுகிறது. இணைப்பின் ஐ.பி. எண் எந்த ஊரைக் காட்டுகிறது? அட்டை எந்த நாட்டு வங்கியினது? எழுதிய முகவரி எது? மின்னஞ்சல் புதிதாகத் தொடங்கியதா? தொலைபேசி எண் செல்லுபடியாகுமா? எத்தனை முறை அட்டை எண் மாற்றி முயன்றார்? ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் கணக்கு நிறுத்திவைக்கப்படும். மேலும் தாண்டினால் நிராகரிக்கப்படும். காரணம் சொன்னால் வஞ்சகர் அதை அறிந்து அடுத்த முறை திருத்திக்கொள்வர் என்பது கம்பெனிகளின் வாதம். வாதம் பொய்யன்று. ஆயினும் அதன் சுமையை நேர்மையாளரே தாங்குகிறார்.

எங்கள் பொருளாளரைக் கள்ளன் என்று எவரும் எண்ணவில்லை. அவரைப்பற்றி எவரும் எண்ணவே இல்லை என்பதே உண்மை. வாடகை குறையும்போது, நம்மை அறிந்துகொள்ள ஒருவர் செலவிடும் நேரமும் அதனுடன் குறைந்துவிடுகிறது.

இந்தச் சோதனையில் வெளி மாநிலத் தமிழர் ஏனையோரைவிடச் சற்று அதிகமாகவே இடறுகிறோம். அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, பெயர். நம் பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு வடிவத்தில் நிற்கிறது. ஆதாரில் தலைப்பெழுத்துடன் இருக்கும். பான் அட்டை விண்ணப்பத்தில் பெயரின் பகுதிகளைத் தலைப்பெழுத்தாகச் சுருக்கக்கூடாது என்பது விதி. ஆதலால் அங்கே தந்தையார் பெயர் விரிந்து நிற்கும். கடவுச்சீட்டில் 'குடும்பப் பெயர்' என்ற இடம் சிலருக்கு வெறுமையாகவே இருக்கும். செந்தில் என்ற பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதலாம். இயந்திரத்துக்கு அவர்கள் இரண்டு மூன்று பேர். இரண்டாவது, முகவரி. வாடகை வீடு ஆண்டுதோறும் மாறுகிறது. ஆதாரில் சொந்த ஊரே நிலைத்திருக்கிறது. கடவுச்சீட்டில் படம் உள்ள பக்கத்தில் முகவரி இல்லை. அது கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருக்கும். படப் பக்கத்தை மட்டும் அனுப்பியவர் முகவரி தரவில்லை என்றே கொள்ளப்படுவார். மூன்றாவது, இணைப்பு. அலுவலகக் கணிப்பொறியில் 'வி.பி.என்.' என்னும் மறைவழி ஏற்பாடு இருந்தால், புனேயில் அமர்ந்து எழுதுபவர் சிங்கப்பூரிலிருந்து எழுதுவதாகத் தோன்றுவார். தனித்தனியே நோக்கினால் இவை யாவும் குற்றமற்றவை. மூன்றும் ஒன்று சேர்ந்தால் இயந்திரத்தின் கண்ணுக்கு அவர் ஐயத்துக்குரியவர்.

இனி, சட்டம் கேட்பது எது, கம்பெனி தானாகக் கேட்பது எது என்று பிரித்தறிய வேண்டும். இந்திய அரசாங்கத்தின் கணிப்பொறி அவசரநிலைக் குழுவான 'செர்ட்-இன்', 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி டேட்டா சென்டர்களும், தனிச் சர்வர் போன்ற இடத்தை அளிக்கும் 'வி.பி.எஸ்.' கம்பெனிகளும், கிளவுட், வி.பி.என். கம்பெனிகளும் தம் வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், பதிவு செய்தபோது இருந்த ஐ.பி. எண், வாடகைக்கு எடுத்த நோக்கம் ஆகியவற்றைப் பதிந்து, கணக்கு முடிந்தபின் 5 ஆண்டுகள் வரையேனும் வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் விவரங்களைச் சரிபார்க்கும் ஏற்பாட்டுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் தரப்பட்டது. அமெரிக்காவிலும், வெளிநாட்டு வாடிக்கையாளரின் அடையாளத்தைக் கிளவுட் கம்பெனிகள் சரிபார்க்க வேண்டும் என்னும் விதியொன்றை அந்நாட்டு வர்த்தகத் துறை 2024 ஜனவரியில் முன்மொழிந்தது.

தளத்தின் பெயருக்கு வேறு விதி. பெயர்களை மேற்பார்வையிடும் 'ஐகான்' என்ற உலக அமைப்பு, பதிவாளர் கம்பெனிகளுடன் 2013-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பெயர் வாங்கியவரின் மின்னஞ்சலோ தொலைபேசியோ 15 நாள்களுக்குள் உறுதிப்படுத்தப்பட வேண்டும். உறுதி செய்யும்படி வரும் கடிதத்தை விளம்பரம் என்று எண்ணி ஒதுக்கியவரின் தளம், பதினாறாம் நாள் திறக்காமல் போனால் அதில் வியப்பில்லை.

பணம் செலுத்தும் வழியிலும் நம் நாட்டு விதிகள் சில உள்ளன. ரிசர்வ் வங்கியின் ஏற்பாட்டின்படி, 2020 அக்டோபர் 1 முதல் புதிதாக வழங்கப்படும் அட்டைகளில் வெளிநாட்டு உபயோகமும் இணைய உபயோகமும் மூடியே இருக்கும். உரியவரே வங்கியின் செயலியில் திறந்துகொள்ள வேண்டும். திறவாமல் மூன்று முறை முயன்று தோற்றவர், அந்தத் தோல்விகளாலேயே இயந்திரத்தின் ஐயத்துக்கு ஆளாகலாம். ஆண்டுதோறும் தானாகப் பணம் பிடிக்கும் முறைக்கும் 2021 அக்டோபர் 1 முதல் கூடுதல் உறுதிப்பாடு வேண்டப்படுகிறது. ஆகவே, வெளிநாட்டுக் கம்பெனியின் புதுப்பிப்பு நாள் தானாக நடந்தேறும் என்று நம்பியிராமல், நாட்காட்டியில் குறித்துவைப்பது நலம்.

சரி, நாம் செய்யத்தக்கது யாது? பணம் செலுத்துமுன்பே, எந்தெந்த அத்தாட்சிகளைக் கேட்பார்கள் என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டும். பதில் வராத கம்பெனி, பின்னர் சிக்கல் நேரும்போதும் பதில் தராது. ஒரே ஓர் அத்தாட்சியைத் தேர்ந்து, அதில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பெயரைப் படிவத்தில் நிரப்புக. அதே பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்தே பணம் செலுத்துக. வி.பி.என். இருப்பின் நிறுத்திவிட்டு, வீட்டு இணைப்பிலிருந்து பதிவு செய்க. வாடகை வீட்டில் இருப்போர், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் போன்ற சான்றைக் கொண்டு ஆதார் முகவரியை மாற்றிக்கொள்ளலாம். 2023 ஜனவரி முதல், குடும்பத் தலைவரின் சம்மதத்தோடு அவருடைய முகவரியை ஏனையோர் தம் ஆதாரில் ஏற்றும் வசதியும் உண்டு.

தளத்தின் பெயரையும் இடத்தையும் ஒரே கம்பெனியில் வாங்காமல் வெவ்வேறாக வாங்குவது எங்கள் அனுபவம் தந்த பாடம். இடம் கைவிட்டாலும் பெயர் நம்மிடமே இருக்கும், வேறிடத்துக்குக் குடிபெயரலாம். தளத்தின் பிரதியொன்றை நம் வீட்டிலும் வைத்திருக்க வேண்டும். கணக்கு உறுதியான பிறகே பெயரை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

அத்தாட்சியை அனுப்புவதில் மிகுந்த ஜாக்கிரதை தேவை. 1,200 ரூபாய் திரும்பி வந்துவிடலாம். கைவிட்டுப் போன அடையாள அட்டையின் படம் திரும்பாது. அதைக் கொண்டு வேறொருவர் நம் பெயரில் கணக்குத் தொடங்க முயலலாம். ஆதாரின் முதல் 8 இலக்கங்களை மறைத்து, கடைசி 4 இலக்கங்களை மட்டும் காட்டும் பிரதியை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே பெறலாம், அதையே அனுப்புக. பிரதியின் குறுக்கே, எந்தக் கம்பெனிக்கு, எந்தக் காரியத்துக்கு, எந்தத் தேதியில் தரப்பட்டது என்று எழுதுக. ஆதார் வேண்டாமே, ஓட்டுநர் உரிமம் தரலாமா என்று கேட்கவும் தயங்கவேண்டுவதில்லை. தனியார் கம்பெனிகள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதாரைக் கொண்டு ஆளறிய இடமளித்த 57-ஆம் பிரிவின் பகுதியை, 2018 செப்டம்பர் 26-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. வங்கி அட்டையின் படம் கேட்டால் கடைசி 4 இலக்கங்களைத் தவிர ஏனையவற்றை மறைக்க வேண்டும். பின்புறத்து 3 இலக்க எண்ணையும் ஓ.டி.பி.யையும் எவருக்கும் தரலாகாது. கடிதத்தில் வந்த இணைப்பைத் தொடாமல், கம்பெனியின் முகவரியை நாமே தட்டி உட்சென்று, அங்கே அந்தக் கோரிக்கை உண்மையில் உள்ளதா என்று பார்ப்பது உத்தமம். சோதனை என்ற பெயரிலேயே மோசம் செய்வோரும் உளர்.

கம்பெனிகளிடம் நாம் எதிர்பார்ப்பதும் பெரிதன்று. என்ன தாள் வேண்டும் என்பதை விலைப்பட்டியலின் அருகிலேயே எழுதிவிடலாம். மறுக்கும்போது, பெயர் ஒத்துவரவில்லை, முகவரி ஒத்துவரவில்லை என்ற அளவிலாவது காரணம் கூறலாம். ஒரு முறையேனும் மனிதர் ஒருவர் மறுபரிசீலனை செய்யலாம். இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொன்ன காரியத்துக்கு வேண்டிய விவரத்தை மட்டுமே பெறவேண்டும் என்றும், காரியம் முடிந்தபின், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலன்றி, அதை அழித்துவிட வேண்டும் என்றும் கூறுகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அவை படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் அமைந்துள்ளன. இணைய வாடகைதாரராகிய நாம் அறிந்து வைத்திருக்கவேண்டிய சட்டம் இது.

எங்கள் கதையின் முடிவையும் கூறிவிடுகிறோம். இரண்டாம் முறை ஓர் இந்தியக் கம்பெனியை நாடினோம். வாடகை சற்று அதிகம். முன்கூட்டியே எழுதிக் கேட்டதற்கு ஓர் ஊழியர் பதில் எழுதினார். பான் அட்டையில் உள்ளபடி பெயரை நிரப்பி, யு.பி.ஐ. வழியாகப் பணம் செலுத்தினோம். மாலையில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "தந்தை பெயர்தானே பின்னால் இருப்பது?" என்று ஹிந்தியில் கேட்டார். "ஆம்" என்றார் பொருளாளர். சோதனை அவ்வளவே. அந்த ஒரு கேள்விக்காகத்தான் கூடுதல் வாடகை தருகிறோம் என்று எங்களுக்குத் தோன்றிற்று.

மூன்றாவது ஞாயிறன்று தளம் திறந்தது. அதன் தொடர்புப் பக்கத்தில் பொருளாளரின் பெயர், ஊரில் அழைக்கும் விதமாகவே, முன்னே தலைப்பெழுத்துடன் தமிழில் எழுதப்பட்டுள்ளது. அதைப் பிழை என்று இதுவரை எவரும் திருப்பி அனுப்பவில்லை.